மாலை ஆறு மணிக்குக் கத்திய மெட்டல் டிடெக்டர்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு. கையில் இனாமல் கம்பியைத் தட்டு அளவுக்குச் சுற்றிய ஒரு காயில், ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு. மெட்டல் டிடெக்டர் செய்கிறானாம். பல்ஸ் இண்டக்‌ஷன் வகை.

"தாத்தா, பல்ஸ் ஃப்ரீக்வென்சி எவ்வளவு வைக்கட்டும்? செகண்டுக்கு ஆயிரம் வெச்சா போதுமா?"

"எந்த ஊர்ல, எந்த இடத்துல ஓட்டப் போறே?"

"அதுக்கும் இதுக்கும் என்ன தாத்தா சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. அந்தச் சம்பந்தம் தெரியாமல் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டது நான், அடி வாங்கியது இன்னொருவர். அதைச் சொல்வதற்கு முன் இந்தக் கருவியின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத நண்பர்களும் இங்கே வருகிறீர்கள், பயப்பட வேண்டாம், மண்பானை வாங்கத் தெரிந்தால் போதும்.

பானை வாங்கும்போது விரலால் ஒரு தட்டு தட்டுவோம். தட்டும் சத்தத்தை யாரும் கேட்பதில்லை. தட்டிய பிறகு பானைக்குள் நின்று தேயும் ஓசையைத்தான் கேட்கிறோம். பல்ஸ் இண்டக்‌ஷன் அவ்வளவுதான். காயிலில் கரண்ட்டை ஒரு இருநூறு மைக்ரோ செகண்ட் ஓடவிட்டு, வெடுக்கென்று அறுக்கிறோம். (ஒரு மைக்ரோ செகண்ட் என்பது செகண்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) காந்தப்புலம் திடீரென்று சரியும்போது பக்கத்தில் உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி, சிறிது நேரம் நின்று தேயும். தட்டும் சத்தம் அடங்கியதும் அந்தத் தேய்மானத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மெல்லிய தகடு, சின்னத் தங்கத் துணுக்கு என்றால் சில மைக்ரோ செகண்டில் ஓய்ந்துவிடும். கனமான செம்புக் காசு நூறைத் தாண்டும். பெரிய இரும்புக் குழாய் மில்லி செகண்ட் கணக்கில் முனகிக்கொண்டிருக்கும்.

ஆக, தட்டுவதற்கு ஒரு நேரம், சத்தம் அடங்க ஒரு நேரம், கேட்க ஒரு நேரம். இந்த மூன்றும் முடியாமல் அடுத்த தட்டு தட்டினால் பழைய ஓசையும் புதிய சத்தமும் குழம்பும். இதுதான் செகண்டுக்கு எத்தனை பல்ஸ் என்பதன் மேல் எல்லை. கீழ் எல்லை என்ன? இரைச்சல். ஒரு தட்டில் கேட்பது நிச்சயமில்லை, பலமுறை தட்டிச் சராசரி எடுக்க வேண்டும். நாலு மடங்கு பல்ஸ் போட்டால் இரைச்சல் பாதியாகும். அதற்கு விலை பேட்டரி. பேரனின் காயில் முந்நூறு மைக்ரோ ஹென்றி, கரண்ட் இரண்டு ஆம்பியர். ஒவ்வொரு பல்ஸுக்கும் 0.6 மில்லி ஜூல். செகண்டுக்கு ஆயிரம் பல்ஸ் என்றால் 0.6 வாட் சும்மா சூடாகப் போகிறது. அவனுடைய ஒன்பது வோல்ட் பேட்டரி ஒரு சினிமா முடிவதற்குள் படுத்துவிடும்.

இவ்வளவுதான் விஷயம் என்றால் எல்லோரும் ஒரே எண்ணை வைத்திருப்பார்கள். ஆனால் ஐம்பது அறுபது வருடமாக ஆளுக்கு ஒரு எண் வைத்திருக்கிறார்கள். ஏன் என்பதுதான் சுவாரசியம்.

மெட்டல் டிடெக்டர் என்றதும் எல்லோரும் 1881-ல் தொடங்குவார்கள். அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு ஜூலை 2 அன்று சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே என்று தேட, டெலிபோன் கண்ட கிரஹாம் பெல் ஒரு கருவியைக் கொண்டு வந்தார். கட்டிலின் மெத்தையில் ஸ்பிரிங் இருந்தது குழப்பியது. டாக்டரும் வலப்பக்கம் மட்டும்தான் தேடவிட்டார், குண்டோ இடப்பக்கம் இருந்தது. செப்டம்பரில் ஜனாதிபதி இறந்தார். கதை பிரபலம், ஆனால் அது பல்ஸ் கருவி அல்ல, இரண்டு காயில்களைச் சமன் செய்து அந்தச் சமன் கலைகிறதா என்று கேட்கும் வகை. இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டு அதிகாரி கொசாட்ஸ்கி ஸ்காட்லாந்தில் இருந்து செய்த கண்ணிவெடி தேடும் கருவியும் இடைவிடாமல் அலை அனுப்பும் வகைதான். அது 1942-ல் எல் அலமெய்னில் வேலை செய்தது. இந்த வகையில் தட்டுவதும் கேட்பதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

தட்டிவிட்டு, நிறுத்திவிட்டு, அப்புறம் கேட்பது என்ற யோசனையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் கனிமம் தேடியவர்கள். கனடாவில் அந்தோணி பாரிஞ்சர் என்பவர் 1950-களின் கடைசியில் தொடங்கி, விமானத்தையே சுற்றிக் காயில் கட்டி, ஓரிரு மில்லி செகண்ட் பல்ஸ் அடித்து, பின்னால் இழுத்துக்கொண்டு போகும் ஒரு சின்ன ரிசீவரால் பூமி திருப்பித் தரும் தேய்மானத்தைப் பதிவு செய்தார். அவர் தேடியது காசு இல்லை, தாதுப் பாறை. தாதுப் படிவம் மிகப் பெரியது, அதனால் அதன் ஓசை நெடுநேரம் நிற்கும். எனவே மெதுவாகத் தட்டினால் போதும்.

அந்த வழியில் வந்த தரைவழிக் கருவிகள் இன்றும் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 25 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்கா, கனடாவில் 30 ஹெர்ட்ஸ். இதில் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. முதல் பல்ஸை ஒரு திசையிலும், 20 மில்லி செகண்ட் கழித்து அடுத்ததை எதிர்த் திசையிலும் அடிக்கிறார்கள். 20 மில்லி செகண்ட் என்பது 50 ஹெர்ட்ஸின் ஒரு முழுச் சுற்று. இரண்டு தடவையும் மின்கம்பியின் முனகல் ஒரே அளவில் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் முனகல் போய்விடும், பூமியின் பதில் மட்டும் இரட்டிப்பாகும். பாறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறவன் ஊரில் வீட்டு பிளக்கில் என்ன வருகிறது என்று முதலில் பார்க்கிறான். ஜப்பானில் கிழக்குப் பாதி 50, மேற்குப் பாதி 60. அங்கே கருவி விற்கிறவன் இரண்டையும் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தத் தந்திரத்துக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. 50 என்றால் 50-தான் என்ற நம்பிக்கை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இடையில் ஆக்ஸ்போர்டில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அங்கே தொல்லியலுக்கென்றே ஒரு விஞ்ஞான ஆய்வகம் இருந்தது. மார்ட்டின் ஏட்கன் என்ற இயற்பியலாளர் 1958-ல் வாட்டர் நியூட்டன் என்ற இடத்தில் புரோட்டான் காந்தமானியைக் கொண்டு ரோமானியர் காலச் சூளைகளை மண்ணைத் தோண்டாமலே கண்டுபிடித்தவர். அந்த வட்டாரத்தில் கொலானி என்பவர் 1960-களின் நடுவில் ஒரு பல்ஸ் கருவி செய்தார். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. ஆனால் அது உலோகமே இல்லாத இடத்திலும் பேசியது. பழைய குப்பைக் குழிகள், மேல்மண் நிரம்பிய பள்ளங்கள், இவற்றின் மேல் கொண்டு போனால் பதில் வந்தது.

கருவி கெட்டுவிட்டது என்று தூக்கி வைத்திருக்கலாம். நானாக இருந்தால் காயிலைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். அவர்கள் மண்ணைச் சந்தேகப்பட்டார்கள். மனிதன் வாழ்ந்த இடத்து மண்ணில், நெருப்பாலும் மக்கிய குப்பையாலும், மிகமிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்கள் உருவாகின்றன. காந்தப்புலத்தை அறுத்ததும் இந்தத் துகள்கள் உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சில உடனே, சில தாமதமாக, சில இன்னும் தாமதமாக. பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே வருவது போல. இதற்குக் காந்தப் பாகுத்தன்மை என்று பெயர். கொலானியும் ஏட்கனும் இதைத் தொல்லியலுக்கே பயன்படுத்தலாம் என்று 1966-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

அவர்களுக்கு அது கண்டுபிடிப்பு. ஆனால் காசும் தங்கமும் தேடுகிறவனுக்கு அதே மண் தீராத தலைவலி. அதே ஆக்ஸ்போர்டு ஆய்வகத்திலிருந்து வந்து, பல்ஸ் கருவிகளையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட எரிக் ஃபாஸ்டர் போன்றவர்கள் அந்தத் தலைவலியோடுதான் வாழ்ந்தார்கள்.

மண்ணின் ஓசையும் உலோகத்தின் ஓசையும் தேயும் விதம் வேறு. உலோகம் ஒவ்வொரு சம இடைவெளியிலும் இவ்வளவு பங்கு என்று குறையும், வட்டிக்கணக்கைத் தலைகீழாகப் போட்டது போல. மண்ணோ தோராயமாக நேரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். 20 மைக்ரோ செகண்டில் இருந்தது 40-ல் பாதி, 80-ல் கால். அப்படியானால் 20-ல் ஒரு தடவை கேட்டு, 40-ல் ஒரு தடவை கேட்டு, பின்னதை இரண்டால் பெருக்கி முன்னதிலிருந்து கழித்தால் மண் பூஜ்யம். அழகான வழி. ஆனால் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டால் ஒரு ஓட்டை தெரியும். தேய்மான நேரம் ஏறத்தாழ 29 மைக்ரோ செகண்ட் உள்ள உலோகத் துண்டும் அதே கணக்கில் பூஜ்யமாகிவிடும்! மண்ணோடு சேர்த்து அந்த அளவுத் தங்கக் கட்டியையும் நாமே கழித்து எறிந்துவிடுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் இது பணப் பிரச்சினை. அங்கே தங்கம் இருக்கும் மண் இரும்பு மண். 1980-ல் விக்டோரியாவில் கெவின் ஹில்லியர் என்பவர் டிடெக்டரால் 27 கிலோ எடையுள்ள ஒரே தங்கக் கட்டியைக் கண்டெடுத்த பிறகு ஊரே காயிலும் கையுமாகக் கிளம்பியது. அப்போதைய இடைவிடா அலைக் கருவிகள் அந்த மண்ணில் திணறின. 1990-களின் நடுவில் அடிலெய்டைச் சேர்ந்த புரூஸ் கேண்டி, மைன்லேப் கம்பெனிக்காக, ஒரே நீளப் பல்ஸை விட்டுவிட்டு நீண்ட பல்ஸும் குறுகிய பல்ஸும் மாற்றி மாற்றி அடிக்கும் கருவியைக் கொண்டு வந்தார். ஒரு நீளத்தில் ஓட்டையில் விழும் கட்டி இன்னொரு நீளத்தில் அகப்படும். அதற்குப் பிறகு அந்த வகைக் கருவியில் "உங்கள் ஃப்ரீக்வென்சி எவ்வளவு" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதிலே இல்லாமல் போயிற்று.

இனி என் கதை.

1991 மே மாதத்துக்குப் பிறகு நம் ஊரில் கூட்டம் கூடும் இடமெல்லாம் மெட்டல் டிடெக்டர் வாசல் கேட்டார்கள். நான் வேலை பார்த்தது சென்னையில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி. ஸ்டெபிலைசர், பேட்டரி சார்ஜர் செய்து கொண்டிருந்தவர்கள் நாங்கள். எம்.டி. வெளிநாட்டு வாசல் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, "இதை நாமே செய்ய முடியாதா?" என்றார். முடியும் என்றேன். வடிவமைப்பு முழுக்க என் பொறுப்பு.

பல்ஸ் வகை என்று முடிவு செய்தேன். செகண்டுக்கு எத்தனை பல்ஸ்? புத்தகங்களைப் புரட்டிப் பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. ரிச்சி தெருவில் மிக மலிவாகக் கிடைத்த கிரிஸ்டல் 3.579545 மெகாஹெர்ட்ஸ். பட்டன் டெலிபோனுக்குள் இருக்குமே, அது. அதை 4060 என்ற ஐ.சி.யில் போட்டு 8192-ஆல் வகுத்தால் செகண்டுக்கு 437 பல்ஸ் கிடைக்கும். ஒரு கிரிஸ்டல், ஒரு ஐ.சி., வேலை முடிந்தது.

கணக்கே போடாமல் இல்லை. டியூப் லைட் சோக்கு, டிரான்ஸ்ஃபார்மர் இவையெல்லாம் 50 ஹெர்ட்ஸை மட்டும் உமிழ்வதில்லை, அதன் ஒற்றைப்படை மடங்குகளையும் உமிழும். 150, 250, 350, 450. என்னுடைய 437-க்குப் பக்கத்தில் இருப்பது 450. வித்தியாசம் 13. அதாவது முனகல் என் கருவிக்குள் செகண்டுக்கு 13 தடவை ஆடும் அலையாகத் தெரியும். வாசலைக் கடக்கும் ஆளின் சிக்னல் ஒரு செகண்டு நீளம். ஐந்து ஹெர்ட்ஸுக்கு மேல் ஆடுவதையெல்லாம் வடிகட்டி எறிந்துவிடும். 13 தாராளம். பகலில் கம்பெனியில் ஓட்டிப் பார்த்தோம். சாவிக்கொத்துக்குச் சும்மா இருந்தது, இரும்புத் துண்டுக்குக் கத்தியது. எம்.டி. ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்.

1996-ல் தென் மாவட்டத்தில் ஒரு பெரிய கோயில் திருவிழாவுக்கு இரண்டு வாசல் போயின. நிறுவப் போனவர் எங்கள் சர்வீஸ் டெக்னீஷியன், மதுரைப் பக்கத்துக்காரர், ஐ.டி.ஐ. படித்தவர். மூன்றாம் நாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன்.

"சார், சாயங்காலமானா மெஷினுக்குப் பேய் பிடிச்சுடுது. ஆளே இல்லாம கத்துது. ராத்திரி பத்தரைக்கு மேல புத்தி வந்துடுது."

"எர்த் சரியா இருக்கா பாருங்க. காயில் கனெக்டர் லூஸா இருக்கும்."

"எல்லாம் பார்த்துட்டேன் சார்."

"இன்னொரு தடவை பாருங்க தம்பி."

இதுதான் நான் சொன்னது. நான்கு நாள் இதையே சொன்னேன். அதற்குள் அங்கே காவலில் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்துவிட்டார்கள். சென்ஸிட்டிவிட்டி திருகைக் குறைத்து வைத்துவிட்டார்கள். கத்துவது நின்றது. ஒரு மாலை மேலதிகாரி ஒருவர் சோதனைக்காகத் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டே இரண்டு வாசல் வழியாகவும் நடந்து போனார். இரண்டும் வாய் திறக்கவில்லை.

அந்தச் செய்தி கடிதமாகக் கம்பெனிக்கு வந்தது. ஆயிரக்கணக்கான பேர் அந்த வாசல்களை நம்பி உள்ளே போய்க் கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எம்.டி. அறையில் கூட்டம். "இங்கே ஒழுங்கா ஓடின மெஷின் அங்கே ஓடலைன்னா, மாட்டினவன் சரியா மாட்டலைன்னுதானே அர்த்தம்?" என்றார் அவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேஜையைப் பார்த்தேன். டெக்னீஷியனுக்கு அந்த வருட இன்கிரிமென்ட் நிறுத்தப்பட்டது.

அன்றிரவு பஸ் பிடித்து நானே போனேன். டெக்னீஷியன் முகத்தில் எதுவும் காட்டவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். எத்தனை மணிக்குக் கத்த ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு நின்றது என்று நாள்வாரியாக எழுதி வைத்திருந்தார். அதில் ஒரு வரியின் கீழ் இரண்டு கோடு. மாலை 7.10 முதல் 7.40 வரை கரண்ட் இல்லை, ஜெனரேட்டரில் ஓடியது, ஒரு தடவை கூடக் கத்தவில்லை.

"இதை ஏன் போன்ல சொல்லலை?"

"சொன்னேன் சார். நீங்க எர்த்தைப் பாருன்னு சொன்னீங்க."

மாலை வந்தது. வாசலை ஒட்டி ஒரு டியூப் லைட் வளைவு, அறுபது எழுபது குழல் இருக்கும், அத்தனைக்கும் சோக்கு. அதைப் போட்டதும் சந்தேகம் முழுக்க அதன் மேல் போயிற்று. ஆனால் அதே விளக்குகள்தானே ஜெனரேட்டரிலும் எரிந்தன? ஜெனரேட்டர் பேனலில் பழைய காலத்து ஃப்ரீக்வென்சி மீட்டர் இருந்தது. பார்த்திருப்பீர்கள், வெள்ளை முனை வைத்த இரும்பு நாக்குகள் வரிசையாக நிற்கும், 47-லிருந்து 53 வரை. எந்த ஃப்ரீக்வென்சி வருகிறதோ அந்த நாக்கு மட்டும் துடிக்கும். டெக்னீஷியனைக் கூப்பிட்டு, மீட்டரை ஈ.பி. பக்கம் மாற்றச் சொன்னேன். 50-ன் நாக்கு அசையாமல் நின்றது. இடப்பக்கம் 48.5-ன் நாக்கு படபடவென்று அடித்துக்கொண்டது.

அந்த இடத்திலேயே, பூக்கடைக்காரர் கொடுத்த காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன். 48.5-ஐ ஒன்பதால் பெருக்கினால் 436.5. என் பல்ஸ் 437. வித்தியாசம் அரை ஹெர்ட்ஸ். இரண்டு செகண்டுக்கு ஒருமுறை மெதுவாக ஏறி இறங்கும் அலை. வடிகட்டிக்கு அது ஒரு ஆள் நடந்து போவது போலவே தெரியும். சோக்குகளின் முனகல் ஆள் வேஷம் போட்டுக்கொண்டு என் வாசலில் போய்வந்து கொண்டிருந்தது. ஜெனரேட்டர் 51-ல் ஓடியது. ஒன்பது மடங்கு 459, பிரச்சினையில்லை. பகலில் கிரிட் 49.5 இருந்தால் 445.5, அதுவும் தப்பியது. கம்பெனியில் நாங்கள் ஓட்டிப் பார்த்ததெல்லாம் பகலில்.

அந்தக் காலத்துத் தென்னிந்திய கிரிட்டை நினைவிருக்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுவை எல்லாம் சேர்ந்து ஒரு தனித் தீவு. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கைப் போட்டதும் தேவை ஏறும், உற்பத்தி போதாது, டர்பைன்கள் வேகம் குறையும், ஃப்ரீக்வென்சி இறங்கும். 48.5 என்பது மாலை நேரத்தில் சர்வசாதாரணம், அதற்குக் கீழும் போகும். 1956-ஆம் வருடத்து மின்சார விதிகளே மூன்று சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்றுதான் சொல்லின. மூன்று சதவீதம் என்றால் 48.5 முதல் 51.5 வரை. ஆக சட்டப்படியே எனக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். மின்சாரத்தில் வேலை செய்த எனக்கு அது தெரியாத விஷயமும் அல்ல. தெரிந்ததைக் கணக்கில் சேர்க்காமல், பாடப்புத்தகத்து 50-ஐ வைத்துக் கழித்துப் பார்த்தேன். வெளிநாட்டுக்காரன் அப்படிச் செய்திருந்தால் ஊர் தெரியாதவன் என்று சொல்லலாம். நான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மனிக்கு டிசைன் செய்திருக்கிறேன்.

மறுநாள் மதுரையில் தேடி நாலு மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இரண்டு வாங்கி மாற்றினோம். அதே 8192-ஆல் வகுத்தால் 488. ஒன்பதாம் மடங்கும் பதினோராம் மடங்கும் இரண்டு பக்கமும் நாற்பது ஐம்பது ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். பத்தாம் மடங்கு பக்கத்தில் வரும்தான், ஆனால் இரட்டைப்படை மடங்குகள் சோக்கிலிருந்து அவ்வளவாக வருவதில்லை. சென்ஸிட்டிவிட்டியை ஏற்றி வைத்தோம். மாலை ஆறு ஆனது, ஏழு ஆனது, வாசல் வாயை மூடிக்கொண்டு இருந்தது. டெக்னீஷியன் இடுப்பில் ஒரு ஸ்பேனரைச் செருகிக்கொண்டு நடந்தார். கத்தியது. அவர் அப்போதுதான் சிரித்தார்.

அடுத்த மாடலில் கிரிஸ்டலையே எடுத்துவிட்டேன். 4046 என்ற ஐ.சி.யை வைத்து, வரும் மின்சாரம் எதுவோ அதையே எட்டு மடங்காக்கி பல்ஸ் ஓட்டினேன். கிரிட் 48 என்றால் 384, 50 என்றால் 400. மின்சாரம் எப்படித் தடுமாறினாலும் பல்ஸும் கூடவே தடுமாறும், ஒற்றைப்படை மடங்கு எதுவும் அதன் மேல் வந்து உட்கார முடியாது. பக்கத்துப் பக்கத்து வாசல்கள் ஒன்றையொன்று கெடுப்பதும் இதனால் நின்றது. எல்லாம் ஒரே மின்சாரத்தோடு சேர்ந்து அடிப்பதால் தனியாக ஒயர் இழுத்து இணைக்க வேண்டியிருக்கவில்லை.

அறிக்கை எழுதினேன். அதில் "தயாரிப்பு மேம்பாடு" என்று தலைப்புப் போட்டேன். என் தவறு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. நோட்டுப் புத்தகத்தைப் பற்றியும் இல்லை. நிறுத்திய இன்கிரிமென்ட்டை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அந்த மாடலுக்காக ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். ஒன்றரை வருடத்தில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

2003 ஜனவரியில் தென் மாநிலங்களில் புதிய கட்டண முறை வந்தது. ஃப்ரீக்வென்சி குறைந்திருக்கும் நேரத்தில் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுக்கும் மாநிலம் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். பல வருட அறிவுரைக்கு அசையாத மீட்டர் நாக்கு, பணம் என்றதும் 50-ஐ நோக்கி நகர்ந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாகத் தென்னக கிரிட் நாட்டின் மற்ற கிரிட்டோடு சேர்ந்தது. இப்போது 49.9-க்குக் கீழே போனாலே கவனிக்கிறார்கள். இன்று ஒருவன் 437 பல்ஸ் வைத்து வாசல் செய்தால் அது மாலையிலும் ஒழுங்காகத்தான் ஓடும்.

இதை எழுத உட்கார்ந்தபோது மனசு கேட்கவில்லை. பழைய ஆட்கள் மூலம் நம்பர் பிடித்து அவரைக் கூப்பிட்டேன். சொந்தமாக யூ.பி.எஸ். சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். அன்று அறையில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அதெல்லாம் தெரியும் சார். அந்தக் கிரிஸ்டலை மாத்தும்போது உங்க கை நடுங்கிச்சே, அப்பவே தெரியும்." பிறகு, "ஒண்ணு மட்டும் திருத்திக்குங்க. அது கோயில் ஜெனரேட்டர் இல்லை. நாடக மேடைக்காரங்களோடது. கெஞ்சிக் கேட்டு வாசலுக்கு லைன் வாங்கினது நான்தான்."

திருத்திக்கொண்டேன்.

பேரன் தன் கருவியைப் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கொண்டு போகப் போகிறானாம், விழுந்த காசு மோதிரம் தேட. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று 1878-லேயே சட்டம் இருக்கிறது என்று பயமுறுத்தி வைத்திருக்கிறேன். மணலில் மின்கம்பி பக்கத்தில் இல்லை, அதனால் ஃப்ரீக்வென்சி பெரிய விஷயம் இல்லை. அங்கே எதிரி உப்புத் தண்ணீர். அதன் ஓசை சீக்கிரம் ஓய்ந்துவிடும், பதினைந்து மைக்ரோ செகண்ட் பொறுத்துக் கேட்டால் போதும். பல்ஸை ஐந்நூறாகக் குறைக்கச் சொன்னேன், பேட்டரியாவது பிழைக்கும்.

"வீட்டு மொட்டை மாடியில ஓட்டினா கத்துது தாத்தா."

"எத்தனை மணிக்கு?"

தெரியாது என்றான். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.